நெய் பூசிய குரல்

ஐபிஎல் நடந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். எங்கள் தெருமுனை டீக்கடைச் சுவரில் மாட்டியிருந்த டிவியில் தமிழ் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. மைக்கில் இருந்தவர் நாட்டுக்காக ஆடியவர். லெக் ஸ்பின்னர் பந்தை உருட்டிக்கொண்டே திரும்பி நடக்கும்போது சொன்னார்: "கீப்பரைக் கவனிங்க. அரை அடி லெக் சைடு நகர்ந்துட்டார். இது கூக்ளி." பந்து வெளியே போவதுபோல் வந்து உள்ளே திரும்பியது. மட்டைக்கும் காலுக்கும் நடுவில் புகுந்து ஸ்டம்பைச் சாய்த்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டரின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. "போடுறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாருப்பா!" என்றார்.

அதே ஆட்டத்தில் சற்று நேரம் கழித்து, வெளியே உட்கார்ந்திருந்த ஓர் இளைஞனைக் கேமரா காட்டியது. ரஞ்சிக் கோப்பையில் ரன்னாகக் குவித்தும் இந்திய அணியின் கதவு திறக்காமல் காத்திருப்பவன். "இந்தப் பையனை ஏங்க எடுக்கவே மாட்டேங்கறாங்க?" என்று கடையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். மைக்கில் இருந்தவர் அந்தப் பையனுடைய புது ஹேர்ஸ்டைலைப் பாராட்டினார். பிறகு விளம்பரம் வந்தது.

இவரைப் புகழ்ந்து எழுத வேண்டும் என்று அன்றே தீர்மானித்தேன்.

ஐயா, மட்டையை வைத்துவிட்டு மைக்கை எடுத்துக்கொண்ட முன்னாள் வீரரே, இந்தக் கட்டுரை உங்களுக்கானது. நீங்கள் ஒரே ஒருவர் அல்ல. மும்பையில் இருக்கிறீர்கள், டெல்லியில் இருக்கிறீர்கள், எங்கள் சென்னையிலும் இருக்கிறீர்கள். இந்தியில் பேசுகிறீர்கள், ஆங்கிலத்தில் பேசுகிறீர்கள், 2017-இல் தமிழுக்கென்று தனி விளையாட்டுச் சேனல் வந்த பிறகு எங்கள் வீட்டுப் பேச்சிலேயே பேசுகிறீர்கள். மைக்குக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குணங்களைத்தான் புகழப்போகிறேன்.

முதலில் உங்கள் கண்.

உங்களுக்கு முன்னால் மைக்கைப் பிடித்தவர்கள் பெரும்பாலும் ஆட்டத்தால் பேர் வாங்கியவர்கள் அல்ல, சொல்லால் பேர் வாங்கியவர்கள். ஆங்கில வானொலியில் ஏ.எஃப்.எஸ். தல்யார்கான், அனந்த் செடல்வாட். தமிழ் வானொலியில் கூத்தபிரான், ராமமூர்த்தி, சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். பந்து எங்கே விழுந்தது, எங்கே ஓடியது, யார் விரட்டினார் என்பதை அவர்கள் நம் காதுக்குள் படமாக வரைந்தார்கள். ஆனால் அந்தப் பந்து ஏன் அங்கே விழுந்தது என்பது, அதை எதிர்கொண்டு விலா வீங்கியவருக்குத்தான் தெரியும். பந்து வீசுபவரின் மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்கிறது, மட்டையாளரின் முன்தோள் எப்போது திறக்கிறது, ஸ்கொயர் லெக் ஃபீல்டரை நாலடி பின்னால் அனுப்பினால் அடுத்த பந்து எப்படி வரும் என்பதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்க முடியாது. இருபது வருடம் வெயிலில் நின்றவருக்கு உடம்பே சொல்லித் தரும். நீங்கள் வர்ணனைக்கு வந்தபோது நாங்கள் கொண்டாடியது அதனால்தான். வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு வீட்டுக்காரரே கதவைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது.

விக்கெட் கீப்பர் நகரும் அரை அடி உங்கள் கண்ணுக்குத் தப்பாது. அவ்வளவு கூர்மையான கண், தேர்வுக்குழுவின் பெயர்ப் பட்டியல் வரும் நாளில் மட்டும் இமையை மூடிக்கொள்ளவும் தெரிந்து வைத்திருக்கிறதே! பார்ப்பதற்குப் பயிற்சி போதும். பார்த்ததைப் பார்க்காததாக வைத்துக்கொள்ள எவ்வளவு மன உறுதி வேண்டும்!

அடுத்தது உங்கள் நாவடக்கம்.

எதைக் காக்காவிட்டாலும் நாவைக் காக்கச் சொன்னார் வள்ளுவர். அதை உங்களைப்போலக் கடைப்பிடித்தவர்களை நான் கண்டதில்லை. நடுவர் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் டிஆர்எஸ் முறை 2008-இல் இந்தியா இலங்கையில் ஆடிய டெஸ்ட் தொடரில்தான் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அதற்குப் பிறகு இருதரப்புத் தொடர்களில் அதை முழுதாக ஏற்க நம் கிரிக்கெட் வாரியம் மறுத்தது. 2016 நவம்பரில் இங்கிலாந்து இங்கே வந்தபோதுதான் சொந்த மண்ணில் ஒப்புக்கொண்டது. நடுவில் எட்டு வருடம். உலகம் முழுக்க அதுதான் பேச்சு. இங்கே மட்டையில் பட்ட பந்துக்கு எல்பிடபிள்யூ கொடுப்பார்கள், திரையில் மூன்று கோணத்தில் காட்டுவார்கள், வீட்டில் குழந்தைகூட "பட்டிருக்கே!" என்று கத்தும். நீங்கள் நடுவரின் வேலை எவ்வளவு கடினமானது என்று பரிவோடு பேசிவிட்டு அடுத்த பந்துக்குப் போவீர்கள். சாவியும் உங்களிடம்தான் இருந்தது, பூட்டும் உங்களிடம்தான் இருந்தது.

அந்தப் பூட்டை வாங்கிக்கொள்ள மறுத்த ஒருவரும் உண்டு. 2013-இல் ஆஸ்திரேலியா இங்கே டெஸ்ட் ஆட வந்தபோது ஆஸ்திரேலியாவின் முன்னாள் வீரர் இயன் சாப்பலை வர்ணனைக்கு அழைத்தார்கள். டிஆர்எஸ் பற்றிப் பேசக்கூடாது, இந்திய அணித் தேர்வு பற்றிப் பேசக்கூடாது, நிர்வாக விஷயங்களைத் தொடக்கூடாது என்று நிபந்தனைகள் இருப்பது தெரிந்ததும், முடியாது என்று விலகிக்கொண்டார். விலகியதன் காரணத்தையும் அவரே வெளியில் சொன்னார். அவருக்கு உங்கள் பக்குவம் வரவில்லை. ஆரம்பத்திலிருந்தே அவர் அப்படித்தான்.

1981 பிப்ரவரி 1, மெல்போர்ன். கடைசிப் பந்தில் ஒரு சிக்ஸர் அடித்தால் நியூசிலாந்து ஆட்டத்தைச் சமன் செய்துவிடும் என்ற நிலை. ஆஸ்திரேலியக் கேப்டன் கிரெக் சாப்பல் தன் தம்பி டிரெவரை அழைத்து, பந்தைத் தரையோடு தரையாக உருட்டிவிடச் சொன்னார். அன்றைய விதிப்படி அது செல்லும். பந்து உருண்டு வந்தது. பிரையன் மெக்கெக்னி அதைத் தடுத்துவிட்டு, மட்டையைத் தூக்கி எறிந்தார். அந்த நேரம் வர்ணனை அறையில் இருந்தவர் அவ்விருவருக்கும் மூத்தவரான இயன். தம்பி என்ன செய்யப்போகிறான் என்று புரிந்த கணத்தில், மைக் திறந்திருக்கும்போதே, வேண்டாம் கிரெக், அப்படிச் செய்யாதே என்று அவர் பதறியது நாடு முழுக்கக் கேட்டது. ஆட்டம் முடிந்ததும் அதே சேனலில் ரிச்சி பெனோ, கிரிக்கெட் மைதானத்தில் தான் பார்த்த மிக மோசமான செயல்களில் அதுவும் ஒன்று என்று நிதானமாகச் சொன்னார். பெனோ ஆஸ்திரேலியாவின் முன்னாள் கேப்டன். சம்பளம் கொடுத்த சேனல் ஆஸ்திரேலியச் சேனல். வென்ற அணி சொந்த அணி. உருட்டியவனும் உருட்டச் சொன்னவனும் பக்கத்தில் இருந்தவரின் உடன்பிறப்புகள்.

ஐயா, உடன்பிறந்தவரிடமே "வேண்டாம்" என்று சொல்ல இயனால் முடிந்தது. நீங்கள் உறவே இல்லாத அதிகாரிகளிடம்கூட அந்தச் சொல்லைச் சொல்லிப் புண்படுத்தியதில்லை. உங்கள் மனசு அவ்வளவு மென்மை.

மூன்றாவதாக உங்கள் நன்றியுணர்வு.

செஞ்சோற்றுக்கடன் என்றால் நமக்குக் கர்ணன்தான் நினைவுக்கு வருவான். இனி நீங்களும் வரலாம். இந்திய மண்ணில் நடக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பைப் பல வருடங்களாக வாரியமே தயாரித்து வந்திருக்கிறது. உலகத்துக்குப் போகும் வர்ணனைக் குழுவை அமர்த்துவதும் அதுதான். ஆட்டத்தை நடத்துபவரே ஆட்டத்தைப் பற்றிப் பேசுபவருக்கும் படியளக்கிறார். படியளந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நீங்கள் காலம் தள்ளுகிறீர்கள். 2008-இல் ஐபிஎல் தொடங்கியபோது அதன் ஆட்சிக்குழுவிலேயே மூன்று முன்னாள் கேப்டன்கள் இருந்தார்கள். அவர்களில் இருவர் மைக்கிலும் இருந்தார்கள். நிர்வாகமும் அவர்கள், நிர்வாகத்தைப் பற்றி ரசிகனுக்குச் சொல்ல வேண்டியவர்களும் அவர்கள். 2013 மே மாதம் மூன்று வீரர்கள் சூதாட்டப் புகாரில் கைதானார்கள். 2015 ஜூலையில் லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டு வருடம் ஒதுக்கிவைத்தது. இந்த இரண்டுக்கும் நடுவே உண்மையை வெளியே இழுத்து வந்தது போலீஸ், நீதிமன்றம், பத்திரிகையாளர்கள். ஆட்டத்தை மிக அருகில் இருந்து பார்த்த உங்கள் அறையிலிருந்து எங்களுக்குக் கிடைத்தது ஸ்கோர்.

இந்த நன்றியுணர்வை மெச்சும்போதே எனக்கு ஒரு கேள்வி வருகிறது. சோறு யார் வீட்டுச் சோறு?

1993-இல் ஒளிபரப்பு உரிமை பற்றி வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும் தகராறு வந்தது. அந்த வழக்கில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: காற்றலைகள் பொதுச்சொத்து. தூர்தர்ஷனின் ஏகபோகத்தை உடைத்துத் தனியார் சேனல்களுக்கும், அவற்றின் வழியே உங்களுக்கும் கதவைத் திறந்தது அந்தத் தீர்ப்புதான். கேட்பவனுக்கும் பார்ப்பவனுக்கும் தகவல் பெறும் உரிமை உண்டு என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். ஐபிஎல்லின் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. 410 ஆட்டங்களுக்கு வகுத்துப் பாருங்கள், ஓர் ஆட்டத்துக்கு 118 கோடி. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? டீக்கடையில் நின்றுகொண்டு ஆட்டம் பார்ப்பவன் வாங்கும் சோப்பிலிருந்து வருகிறது, அவன் பிள்ளைக்கு வாங்கும் பிஸ்கட்டிலிருந்து வருகிறது, மாசாமாசம் அவன் போடும் ரீசார்ஜிலிருந்து வருகிறது. படியளப்பவன் அவன். வாரியத்தின் கை நடுவில் இருக்கும் அகப்பை. கர்ணனுக்காவது தான் உண்டது யார் சோறு என்பதில் குழப்பம் இருக்கவில்லை.

நான்காவதாக உங்கள் பணிவு. பிறர் பட்ட பாட்டைப் பார்த்தே பாடம் கற்றுக்கொள்ளும் பணிவு.

2016 ஐபிஎல் தொடங்கச் சில நாள் இருக்கும்போது வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளே வர்ணனைக் குழுவில் இல்லை என்றானது. 2020 மார்ச்சில் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் வாரியத்தின் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். முந்தைய வருட உலகக் கோப்பையில் ரவீந்திர ஜடேஜாவின் தரத்தைக் குறைத்துப் பேசிப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்திருந்தவர் அவர். அந்தக் கணிப்பு தவறுதான். ஆனால் அது எப்படித் தீர்ந்தது என்று நினைத்துப் பாருங்கள். மான்செஸ்டர் அரையிறுதியில் 6 விக்கெட் விழுந்து இந்தியா தவித்தபோது ஜடேஜா வந்து 77 ரன் அடித்தார். வர்ணனை அறையைப் பார்த்து மட்டையைச் சுழற்றினார். மஞ்ச்ரேக்கர் தான் தோற்றுப்போனதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஒருவர் வாயால் சொன்னார், இன்னொருவர் மட்டையால் மறுத்தார், சொன்னவர் தலைகுனிந்தார். அன்று கிரிக்கெட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை, ஆட்டம் இன்னும் உயிரோடுதான் இருந்தது. பிறகு வேலை போனதைத்தான் மற்றவர்கள் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

நீங்களும் வைத்துக்கொண்டீர்கள். அதன் பிறகு உங்கள் வாயில் எல்லா வீரரும் நல்ல ஃபார்மில்தான் இருக்கிறார்கள், எல்லா ஆடுகளமும் நல்ல ஆடுகளம்தான், எல்லா முடிவும் துணிச்சலான முடிவுதான். 150 கிலோமீட்டர் வேகத்தில் மூக்கை நோக்கி வந்த பந்துக்கு நீங்கள் பின்வாங்கியதில்லை. ஒரு மின்னஞ்சலுக்குப் பின்வாங்கும் அடக்கம் உங்களுக்கு எப்போது வாய்த்தது?

மைக்கேல் ஹோல்டிங்குக்கு அந்த அடக்கம் வாய்க்கவில்லை. 2019 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியா–வெஸ்ட் இண்டீஸ் ஆட்டத்தில் கெய்ல் அவுட்டானதற்கு முந்தைய பந்து நோபால். நடுவர் கவனிக்கவில்லை. நடுவரின் தரம் சரியில்லை என்று ஹோல்டிங் நேரலையிலேயே சொன்னார். நடுவர்களின் தவறைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று ஒளிபரப்புத் தரப்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இதற்கு நான் உடன்பட மாட்டேன், அடுத்த ஆட்டத்துக்கு வரவேண்டாமென்றால் சொல்லுங்கள், வீட்டுக்குப் போகிறேன் என்று பதில் எழுதினார். மறு வருடம் சவுதாம்ப்டனில் மழையால் ஆட்டம் நின்றிருந்த நேரத்தில், கறுப்பினத்தார் படும் அவமானத்தைப் பற்றி அவர் பேசினார். மறுநாள் ஒரு நேர்காணலில் தன் தாய் தந்தை பட்டதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. 249 டெஸ்ட் விக்கெட்டுக்குச் சொந்தக்காரர். ஆனாலும் மழைக்கு நடுவே அவர் சொன்னதுதான், கிரிக்கெட் பார்க்காதவர்கள் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

தொண்டைமானிடம் தூது போன ஔவைக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினானாம். பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிப் பளபளவென்று வரிசையாக நின்றன வேல்கள். ஔவை அவற்றைப் புகழ்ந்தாள். புகழ்ந்துவிட்டு, எங்கள் அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். நானும் அந்தக் கொட்டிலில்தான் நிற்கிறேன், ஐயா. உங்கள் குரலில் ஒரு கீறல் இல்லை. இயன் சாப்பலின் குரலும் ஹோல்டிங்கின் குரலும் அடிபட்டு நசுங்கிப்போனவை.

கடைசியாக உங்கள் கொடை.

ஐபிஎல்லின் முதல் வருடங்களில் ஒரு சிக்ஸருக்கு அதன் பெயரைக்கூட மிச்சம் வைக்காமல், கட்டுமான நிறுவனம் ஒன்றின் பெயரை அதன் தலையில் கட்டிவிட்டீர்கள். பிறகு முகத்தையும் கொடுத்தீர்கள். ஓவருக்கும் ஓவருக்கும் நடுவே, எந்த வாய் கூக்ளியைக் கண்டு சொன்னதோ அதே வாய், செல்போனில் அணி கட்டிக் காசு சம்பாதிக்கும் வழியையும் சொன்னது. எங்கள் டீக்கடைக்குப் பால் ஊற்ற வரும் பையன் ஒருவன் தினமும் 49 ரூபாயில் ஆரம்பித்தான். "அவரே சொல்றாருண்ணா, சும்மாவா சொல்லுவாரு?" என்று என்னிடம் கேட்டான். கூக்ளியைச் சரியாகச் சொன்னவர் இதையும் சரியாகத்தான் சொல்வார் என்று நம்பினான். அடுத்த சீசன் வருவதற்குள் தவணையில் வாங்கிய மொபெட்டை விற்றுவிட்டு, கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுப் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நிறுத்தியது. நிறுத்தியது சட்டம். உங்களில் ஒருவர் ஒரு நாள் மைக்கில், "தம்பி, வேண்டாம்ப்பா" என்று சொல்லியிருந்தால் அந்தப் பையன் நிறுத்தியிருப்பான். அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தான் உங்கள் மேல்.

உண்மையைச் சொன்னால் ரசிகர்கள் கோபிப்பார்கள் என்கிறீர்களா? 1999 ஜனவரி, சேப்பாக்கம். நாலாம் நாள் மதியம் வரை சச்சின் முதுகு வலியோடு நின்று 136 அடித்தார். அவர் போனதும் மளமளவென்று விக்கெட்டுகள் விழுந்தன. 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றோம். அரங்கம் சற்று நேரம் வாயடைத்திருந்தது. பிறகு எழுந்து நின்று, வென்றவர்கள் மைதானத்தைச் சுற்றி வரும் வரை கைதட்டியது. வீட்டில் டிரான்சிஸ்டரோடு உட்கார்ந்திருந்த என் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்தக் கைதட்டலைக் கேட்டார். இப்படிப்பட்ட ஜனத்தால் ஓர் உண்மையைத் தாங்க முடியாதா?

ரிச்சி பெனோவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1956-இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் முடிந்து சக வீரர்கள் ஊர் சுற்றப் போனபோது, அவர் லண்டனிலேயே தங்கி பிபிசியில் ஒளிபரப்புப் பயிற்சி எடுத்துக்கொண்டார். அப்போது அவர் இன்னும் ஆடிக்கொண்டிருந்த வீரர். ஆட்டம் ஒரு தொழில், பேச்சு வேறொரு தொழில், இரண்டையும் தனித்தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தவர். திரையில் தெரிவதோடு கூடுதலாகச் சொல்ல எதுவும் இல்லையென்றால் பேசாதே என்பது அவருடைய விதி. 2005 செப்டம்பரில் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து ரசிகர்களிடம் அவர் விடைபெற்றுக்கொண்டிருந்தார். 42 வருடப் பழக்கம், தழுதழுக்க வேண்டிய நேரம். பேச்சின் நடுவில் மெக்ராத் பீட்டர்சனை போல்டாக்கினார். பெனோ தன் பிரியாவிடையை நிறுத்தினார், விழுந்த விக்கெட்டைச் சொன்னார், பிறகு விட்ட இடத்திலிருந்து விடைபெற்றார்.

எங்கள் டீ மாஸ்டருக்குப் பெனோவைத் தெரியாது. ஆனால் சமீபகாலமாக அவரிடம் ஒரு பழக்கத்தைக் கவனிக்கிறேன். ஓவர் தொடங்கும்போது ரிமோட்டை எடுத்து உங்கள் குரலைக் கூட்டி வைக்கிறார். ஓவர் முடிந்ததும் குறைத்துவிடுகிறார். ஏனென்று கேட்டேன். "பந்தைப் பத்தி அவர் பொய் சொல்லவே மாட்டாருங்க" என்றார்.